பழைய கூட்டாளிகள், புதிய ஆல்பங்கள்

வணக்கம் சார்,

கொஞ்ச நாளாக எழுபதுகளின் ப்ராக்ரஸிவ் ராக், அதாவது நீளமான, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை கேட்டு வருகிறேன். ஜெனிசிஸ் குழுவில் ஆரம்பித்து யெஸ், கிங் கிரிம்ஸன் குழுக்கள் என்று போய்க்கொண்டிருக்கிறது. பாட்டோடு சேர்த்து அவர்களுடைய பேட்டிகளையும் தேடிப் பார்க்கிறேன். அங்கேதான் சலிப்பாக இருக்கிறது. புது ஆல்பம் வருகிறது என்று வந்து உட்காருகிறார்கள், ஐந்து நிமிடத்தில் பேச்சு 1973க்குப் போய்விடுகிறது. யார் யாரோடு வாசித்தார், யார் யாரைக் கூப்பிட்டார், ஏன் பிரிந்தார்கள், இதேதான். கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாக்கெட் ஜெனிசிஸை விட்டு வெளியே வந்தது 1977இல். இன்னும் மேடையில் ஜெனிசிஸ் பாட்டுதான் வாசிக்கிறார். பழைய பெயரை வைத்துக் காலம் தள்ளுகிறார்கள் என்று சொன்னால் தவறா? இவர்களுடைய புது ஆல்பங்களை மெனக்கெட்டுக் கேட்கத்தான் வேண்டுமா?

அன்புடன்,
ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

காலம் தள்ளுகிறார்கள் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் சலிப்பில் பாதி, பேட்டி எடுப்பவர்கள் மேல் வர வேண்டியது. எழுபது வயது தாண்டிய ஒரு கலைஞர் இப்போதுதான் முடித்த பாட்டைப் பற்றிச் சொல்ல ஆசையோடு வந்து உட்கார்ந்திருக்கும்போது, ஜெனிசிஸின் பாடகர் பீட்டர் கேப்ரியல் ஏன் 1975இல் விலகினார் என்று ஆயிரத்தோராவது முறையாகக் கேட்டால், அவர் மரியாதைக்காகப் பதில் சொல்லத்தான் செய்வார். மீதிப் பாதிக்குக் காரணம் இந்த இசையிலேயே இருக்கிறது. நான்கைந்து பேர் ஒரு அறையில் உட்கார்ந்து, ஒருவர் கொண்டுவந்ததை இன்னொருவர் திருப்பிப் போட்டு, மூன்றாமவர் அதில் பாதியை வெட்டி, அப்படி உருவான பாட்டுகள் இவை. அந்த அறையில் கற்றுக்கொண்ட பழக்கத்தில்தான் இன்றைக்கும் வேலை செய்கிறார்கள். அதனால் புது ஆல்பத்தைப் பற்றிப் பேச வாய் திறந்தாலே பழைய கூட்டாளியின் பெயர் வந்துவிடுகிறது.

நீங்கள் நிச்சயம் கேட்டிருக்கக்கூடிய ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1973இல் வந்த ‘செல்லிங் இங்கிலாண்ட் பை தி பவுண்ட்’ ஆல்பத்தில் ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’. ஒன்பதரை நிமிடப் பாட்டு. தொடக்கத்தில் டோனி பேங்க்ஸின் பியானோ. நடுவில் ஒரு மெட்டு வருகிறது, முதலில் கேப்ரியலின் புல்லாங்குழலில். அதற்குப் பின்னணியில் பியானோ மட்டும் மெதுவாகப் போகும். அந்த மெட்டும் பேங்க்ஸ் போட்டதுதான். கொஞ்ச நேரம் கழித்து அதே மெட்டை ஹாக்கெட் எலெக்ட்ரிக் கிட்டாரில் எடுக்கிறார். இந்த முறை மெலட்ரான் என்ற கீபோர்டு, பேஸ் கிட்டார், ஃபில் காலின்ஸின் டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து கீழே விரிகின்றன. ஸ்வரங்கள் கூடவில்லை, வேகமும் ஏறவில்லை. ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் அதை விடாமல் நீட்டுகிறார், கீழே கார்டு மாறிக்கொண்டே போகிறது, அந்த ஒரே ஸ்வரத்துக்கு ஒவ்வொரு கார்டிலும் வேறு வேறு அர்த்தம் வருகிறது. புல்லாங்குழலில் கேட்டபோது அது ஒரு அழகான மெட்டு, அவ்வளவுதான். கிட்டாரில் வந்த பிறகு அந்தப் பாட்டையே அதுதான் தாங்கி நிற்கிறது.

இப்போது சொல்லுங்கள், இது யாருடைய பாட்டு? ஆல்பத்தில் ஐந்து பேர் பெயரும் சேர்ந்துதான் இருக்கிறது. தியாகராஜர் கீர்த்தனையை ஒரு பெரிய வித்வான் பாடிப் பாடித் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டால், அவர் அடுத்த கச்சேரியில் அதைப் பாடுவதைப் பழைய பெயரை வைத்துப் பிழைப்பது என்று நாம் சொல்வதில்லை. ஹாக்கெட் அந்த மெட்டை இத்தனை வருடமாக வாசிப்பதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அப்புறம், கூட்டணி உடைந்தால் பாட்டு உடைவதில்லை என்பதற்கும் அவரிடமே ஒரு சாட்சி இருக்கிறது. ஜெனிசிஸில் இருக்கும்போதே, 1975இல், ‘வாயேஜ் ஆஃப் தி அக்கோலைட்’ என்ற முதல் தனி ஆல்பத்தைப் போட்டார். தனி ஆல்பம் என்று பெயரே தவிர டிரம்ஸில் காலின்ஸ், பேஸில் ஜெனிசிஸின் மைக் ரதர்ஃபோர்ட், புல்லாங்குழலில் தம்பி ஜான் ஹாக்கெட். அதன் கடைசிப் பாட்டு ‘ஷேடோ ஆஃப் தி ஹைரோஃபண்ட்’, ரதர்ஃபோர்டோடு சேர்ந்து எழுதியது, சாலி ஓல்ட்ஃபீல்ட் பாடியது. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் சின்ன மணிச்சத்தம் போல ஒரு வரி ஆரம்பிக்கும். அதே வரிதான் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வாத்தியம் கூடும், சத்தம் கொஞ்சம் ஏறும், நிமிடக்கணக்கில் இப்படியே போய்க் கடைசியில் காலின்ஸ் டிரம்ஸை உடைத்துவிடுவார் போல அடிப்பார். இன்றைக்கு ஹாக்கெட்டின் குழுவில் இருப்பவர்களும் இதை மேடையில் வாசிக்கிறார்கள். ஹெட்ஃபோனில் கேட்காதீர்கள், நல்ல ஸ்பீக்கரில் சத்தமாக வைத்துக் கேளுங்கள்.

இவர்களுடைய உறவுகளைக் கொஞ்சம் வரைந்து பார்த்தால் எனக்கு எப்போதும் பிரமிப்பு வரும். யெஸ்ஸின் டிரம்ஸ் கலைஞர் பில் ப்ரூஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ ஆல்பத்தின் பதிவு முடிந்த கையோடு, யெஸ் உச்சத்தில் இருந்த 1972இல், அதை விட்டுவிட்டு கிங் கிரிம்ஸனுக்குப் போனார். 1976இல் காலின்ஸ் பாடகராக முன்னால் வந்து நின்றபோது, பின்னால் டிரம்ஸில் உட்கார்ந்து அந்த வருடச் சுற்றுப்பயணம் முழுக்க ஜெனிசிஸுக்கு வாசித்தவர் அவர்தான். அதாவது நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் மூன்று குழுக்களிலும் ஒரே ஆள். இருபது வருடம் கழித்து, 1996இல் ஹாக்கெட் பழைய பாட்டுகளைப் புதிதாகப் பதிவு செய்த ‘ஜெனிசிஸ் ரீவிசிட்டட்’ ஆல்பத்திலும் அவர் இருக்கிறார், கிரிம்ஸனில் பாடி பேஸ் வாசித்த ஜான் வெட்டனும் இருக்கிறார். ப்ரூஃபோர்ட் 2009இல் மேடைக்கு விடை சொல்லிவிட்டு, சர்ரே பல்கலைக்கழகத்தில் டிரம்ஸ் வாசிப்பைப் பற்றியே ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினார். இப்போது எழுபது வயதுக்கு மேல் மறுபடி குச்சியைக் கையில் எடுத்து ஒரு சின்ன ஜாஸ் குழுவில் வாசிக்கிறார். பழைய பெயரில் காலம் தள்ள நினைப்பவர் செய்யும் காரியமா இது?

டோனி லெவின் கதையும் இப்படித்தான். கேப்ரியல் ஜெனிசிஸை விட்டு வந்து 1977இல் போட்ட முதல் தனி ஆல்பத்துக்குப் பேஸ் வாசிக்க வந்தவர். அங்கே கிட்டார் வாசிக்க வந்த இன்னொருவர் கிங் கிரிம்ஸனின் ராபர்ட் ஃப்ரிப். அந்த அறிமுகத்தில்தான் 1981இல் ‘டிசிப்ளின்’ ஆல்பத்தில் லெவின் கிங் கிரிம்ஸன்காரர் ஆனார். 2023 டிசம்பரில் கேப்ரியலின் ‘ஐ/ஓ’ வந்தது, அவருடைய ‘அப்’ ஆல்பம் வந்து 21 வருடத்துக்குப் பிறகு. பேஸ் யார் என்று பார்த்தால் லெவின், கிட்டாரில் டேவிட் ரோட்ஸ், டிரம்ஸில் மனு கட்சே, எல்லோருமே முப்பது நாற்பது வருடத்துத் துணைகள். அந்த வருடம் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு பாட்டாக வெளியிட்டார் கேப்ரியல். ‘ப்ளேயிங் ஃபார் டைம்’ என்ற பாட்டை மட்டும் கேட்டுப் பாருங்கள். அந்தக் குரலில் வயது தெரிகிறது, அந்தப் பாட்டுக்கு அது தேவையாகவும் இருக்கிறது. இளம் வயதில் அதை அவர் பாடியிருக்க முடியாது.

நமக்குத் தெரிந்த ஒருவரும் இந்த வட்டத்துக்குள் இருந்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் மகன் எல். சங்கர். கேப்ரியலின் 1989 ஆல்பமான ‘பேஷன்’ ஆல்பத்தின் பல பாட்டுகளில் அவருடைய இரட்டை வயலின் ஊடாடிக்கொண்டே இருக்கும். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு அந்தக் கமகங்கள் உடனே பிடிபட்டுவிடும்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய பெயர்களைச் சும்மா ஒட்டவைத்த ஆல்பங்களும் உண்டு. யெஸ்ஸின் ‘யூனியன்’, 1991. இரண்டாகப் பிரிந்து கிடந்த குழு, எட்டுப் பேர் பெயரும் ஒரே அட்டையில். ஆனால் எட்டுப் பேரும் சேர்ந்து உட்கார்ந்து போட்ட ஆல்பம் கிடையாது அது. இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பதிவு செய்ததைச் சேர்த்துத் தைத்தார்கள், கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹௌவும் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மனும் வாசிக்க வேண்டிய பல இடங்களில் ஸ்டூடியோ கலைஞர்களை வைத்து வாசிக்கவிட்டார்கள். வேக்மன் அதை ‘ஆனியன்’ (வெங்காயம்) என்றுதான் சொல்வார், கேட்டாலே கண்ணீர் வருகிறதாம். அவருடைய கோபம் முழுக்க நியாயமானது. ஆள் இல்லாமல் பெயரை மட்டும் வைத்து இந்த இசையைச் செய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிராக ஒரு நாள், 1982 அக்டோபர் 2. அந்தக் கோடையில் கேப்ரியல் முன்னின்று நடத்திய முதல் வோமாட் உலக இசை விழா பெரிய நஷ்டம், கடன்காரர்கள் அவரைத்தான் நெருக்கினார்கள். பழைய ஜெனிசிஸ் நண்பர்கள் மில்டன் கீன்ஸ் மைதானத்தில் அவரோடு ஒரே ஒரு கச்சேரி செய்து அந்தக் கடனை அடைக்க உதவினார்கள். நல்ல மழை. ஹாக்கெட் கடைசி இரண்டு பாட்டுக்கு வந்து சேர்ந்துகொண்டார். ஏழு வருடத்துக்கு முன் விலகிப் போனவருக்காக இதைச் செய்தவர்கள், வயதான பிறகு ஒருவரை ஒருவர் பற்றிப் பேசுவதில் எனக்கு எந்தச் சலிப்பும் வரவில்லை.

சரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், புது ஆல்பங்களைக் கேட்க வேண்டுமா என்று. கேட்க வேண்டும். ஹாக்கெட்டிடம் என்றால் 2024 பிப்ரவரியில் வந்த ‘தி சர்க்கஸ் அண்ட் தி நைட்வேல்’. 13 பாட்டு, மொத்தம் முக்கால் மணி நேரம். 1950இல், புகை மண்டிய லண்டனில் பிறந்த ஒரு பையனின் கதை. ஹாக்கெட் பிறந்ததும் அதே வருடம், அதே ஊர். நீராவி ரயில் சத்தம், குழந்தை அழுகை, பழைய பிபிசி வானொலிக் குரல் என்று ஆரம்பிக்கிறது. பையன் வளர்ந்து ஒரு சர்க்கஸில் போய்ச் சேருகிறான். அந்த சர்க்கஸ் ஜெனிசிஸ்தானோ என்று கேட்பவருக்குத் தோன்றாமல் இருக்காது, எனக்கும் தோன்றியது. அங்கிருந்து தப்பிக் கடலுக்குப் போகிறான், திமிங்கிலத்தின் வயிற்றில் மாட்டுகிறான், மீண்டு வருகிறான். கடைசிப் பாட்டு ‘வைட் டவ்’ நைலான் கம்பி கிட்டார் மட்டும். 1972இல் ‘ஃபாக்ஸ்ட்ராட்’ ஆல்பத்துக்காக அவர் வாசித்த தனி கிட்டார் பாட்டான ‘ஹொரைசன்ஸ்’ எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்கு அதில் பதில் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. பாடல் வரிகள் சில இடத்தில் கதையை அவசரமாக இழுத்துக்கொண்டு ஓடுகின்றன, இன்னும் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்தக் கிட்டாரின் நாதம் கொஞ்சமும் இளைக்கவில்லை. கீபோர்டில் இருக்கும் ரோஜர் கிங்கோடு அவருக்கு இப்போது இருக்கும் பழக்கம் பேங்க்ஸோடு இருந்ததைவிடப் பல மடங்கு நீளமானது. அதைப் பற்றி யாரும் பேட்டியில் கேட்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். பேச வேண்டிய கூட்டணி இதுதானே!

மேடையில் ஏன் பாதி ஜெனிசிஸ் என்றால், அதில் பணமும் இருக்கிறது, மறைக்க ஒன்றும் இல்லை. ஆன்லைனில் பாட்டு கேட்பதால் இவர்களுக்குக் கிடைப்பது சொற்பம், கச்சேரி டிக்கெட்டில்தான் குழுவுக்குச் சம்பளம். டிக்கெட் வாங்குபவர் ‘ஃபாக்ஸ்ட்ராட்’ கேட்கத்தான் வருகிறார். அவரைக் கொண்டுவந்து உட்காரவைத்து முதல் பாதியில் தன்னுடைய சொந்தப் பாட்டுகளை வாசித்துவிட்டு அப்புறம் ஜெனிசிஸுக்குப் போகிறார் ஹாக்கெட். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. வேறு எந்த வழியிலும் அத்தனை பேர் அந்தப் புதுப் பாட்டுகளைக் கேட்டிருக்கப் போவதில்லை.

நீங்கள் இப்படிப் போகலாம். ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’ 1973, உடனே அதே பாட்டு 1996 ஆல்பத்தில் வெட்டன் பாடியது, அப்புறம் நேராக ‘நைட்வேல்’. லெவினுடைய ‘பிரிங்கிங் இட் டவுன் டு தி பேஸ்’ 2024இலேயே வந்திருக்கிறது, அவர் இத்தனை வருடம் கூட வாசித்த டிரம்ஸ் கலைஞர்கள் பலர் அதில் வாசிக்கிறார்கள், அதையும் விட்டுவிடாதீர்கள். யெஸ்ஸின் பாடகர் ஜான் ஆண்டர்சன் எண்பது வயது நெருங்கும்போது பேண்ட் கீக்ஸ் என்ற குழுவோடு போட்ட ‘ட்ரூ’வும் அதே வருடம்தான். அந்தக் குரல் இன்னும் அந்த உயரத்துக்குப் போவதைக் கேட்டால் நம்ப முடியாது. கேட்டுவிட்டு எழுதுங்கள். எது ஒட்டவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ‘நைட்வேல்’ பற்றி யாரோடாவது சண்டை போட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

அன்புடன்.