எக்ஸிமா என்னும் தோல் அரிப்பு நோய்க்கான புது ஊசி ஆய்வில் என் 14 வயது மகளைச் சேர்க்கலாமா?

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெறும் ஊசியைப் போட்டு மகளைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். டொராண்டோவில் இப்படிப்பட்ட ஆய்வுகளில் நர்ஸாக இருக்கிறேன். அனேகமாக எல்லா அம்மாக்களுக்கும் இந்தப் பயம் உண்டு.

முதலில் ஒன்று. டுபிலுமாப் ஊசி போட்டுப் பார்த்தாயிற்றா? இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்கனவே அனுமதி பெற்ற மருந்து அது. இன்னும் போட்டுப் பார்க்கவில்லையென்றால், அதை விட்டுப் புது மருந்துக்கு ஏன் போக வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். நானாக இருந்தால் கேட்பேன்.

அந்த டுபிலுமாபும் இப்படித்தான் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 முதல் 17 வயது வரையுள்ள 251 பேருக்கு 16 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து போட்டவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கு நோய் முக்கால்வாசியோ அதற்கு மேலோ குறைந்தது. வெறும் ஊசி போட்டவர்களிலும் நூற்றுக்கு 8 பேருக்கு அப்படிக் குறைந்தது. எக்ஸிமா தானாகவே ஏறி இறங்குகிற நோய். அந்த 8 தெரியாமல் 41-ஐ மட்டும் பார்த்தால் எதையும் நம்ப முடியாது. மருந்து போட்டவர்களுக்குக் கண் சிவந்து உறுத்துவது அதிகம் என்பதும் ஒப்பிட்டதால்தான் தெரிந்தது.

அதற்காக மகள் அரிப்போடு தவிக்க வேண்டியதில்லை. தாங்க முடியாமல் போனால் என்ன களிம்பு, என்ன மாத்திரை தருவார்கள்? ஆய்வு முடிந்ததும் எல்லோருக்கும் நிஜ மருந்து உண்டா? ஒப்புதல் படிவத்தில் இந்த இரண்டையும் தேடிப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். சிவப்பு, தடிப்பு, சொறிந்த காயம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுத்தான் நோயை அளப்பார்கள். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சாம்பல் பூத்தாற்போலவோ கருநீலமாகவோ இருக்கும். கடுமையான நோயும் லேசானதாகப் பதிவாகிவிடலாம். முழங்கை மடிப்பையும் கழுத்தையும் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். தடிப்பு கைக்குத் தெரிந்துவிடும்.

தினமும் அரிப்புக்கு 0 முதல் 10 வரை எண் கேட்பார்கள். அதை அவளே போடட்டும். "நேற்று நன்றாகத்தானே தூங்கினாய், 4 போடு" என்று அம்மா சொல்ல, பிள்ளை 8-ஐ அழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

சேர்வதா என்பதையும் அவளிடம் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.