பச்சோந்திக் குட்டி பகலில் கண் மூடிக் கிடந்தால்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறோம். மகன் கெஞ்சியதால் சென்னையில் ஒரு கடையில் மூன்று மாதப் பச்சோந்திக் குட்டி வாங்கினோம். ஏமன் நாட்டு இனம் என்றார் கடைக்காரர். கண்ணாடித் தொட்டி, சூடு தரும் பல்பு, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் அவரே கொடுத்தார். பத்து நாளாகியும் கிண்ணத்தில் வாயே வைக்கவில்லை. இரண்டு நாளாகப் பகலிலும் கண்ணை மூடிக் கிடக்கிறது. கதகதப்பாக இருக்கட்டும் என்று இரவு பகலாகப் பல்பை எரியவிட்டிருக்கிறோம். என்ன செய்வது?

பதில்: முதலில் எழுந்து போய் அந்தப் பல்பை அணைத்துவிட்டு வாருங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம். பகலில் கண் மூடிக் கிடப்பதற்குச் சூடும் தாகமும்தான் காரணமாக இருக்கலாம்.

பச்சோந்தி வளர்ப்பு பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்களுக்குச் சூடு உண்டாக்குவதுதான் பாடு. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் நமக்குப் பாடு வேறு. மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள அறை தானாகவே கொதிக்கும். அங்கே கண்ணாடித் தொட்டிக்குள் பல்பையும் போட்டால், குட்டி அடுப்பில் உட்கார்ந்திருப்பது போலத்தான். இந்த வயதுக் குட்டி வெயில் காயும் இடத்தில் 28, 29 டிகிரி இருந்தால் போதும். மற்ற இடம் அதைவிடக் குளுமையாகவும், இரவு இன்னும் குளுமையாகவும் இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை பகலில்கூட உங்களுக்குச் சூட்டு பல்பு தேவைப்படாது. மார்கழி, தை மாதக் காலை நேரங்களில் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

ஏமன் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இந்த இனம் ஏமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் செடிகொடிகள் உள்ள மலைச்சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் வாழ்வது. பாலைவனப் பிராணி என்று நினைத்துத் தண்ணீரில் சிக்கனம் பிடிக்காதீர்கள்.

கிண்ணத்துத் தண்ணீரை அது குடிக்காததில் வியப்பில்லை. தேங்கி நிற்கும் நீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் கவனிப்பதே இல்லை. இலையில் தொங்கும் சொட்டுதான் அதற்குத் தண்ணீர். செம்பருத்தி இலை நுனியில் ஒரு சொட்டு திரண்டு மினுங்கும்போது பாருங்கள். முதலில் ஒரு கண் மட்டும் அந்தப் பக்கம் உருளும். பிறகு மற்றக் கண்ணும் சேர்ந்துகொள்ளும். ஆடி ஆடி நெருங்கி வந்து நக்கும், தொண்டை ஏறி இறங்கும். இதற்காகக் காலையும் மாலையும் சில நிமிடங்கள் இலைகள் நனைய நீர் தெளியுங்கள். நடுவில் ஒருமுறை சொட்டு நீர் கொடுங்கள். மருந்துக் கடையில் டிரிப் செட் வாங்கி ஒரு பாட்டிலில் மாட்டித் தொங்கவிட்டால், சொட்டின் வேகத்தைத் திருகியே அமைத்துக்கொள்ளலாம். மருத்துவமனைகளுக்குப் பெயர்போன ஊரில் அது கிடைக்காமல் போகாது. குடிக்கவில்லையே என்று சிரிஞ்சால் வாய்க்குள் பீய்ச்ச வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும். மூக்கு நுனியில் ஒரு சொட்டு விட்டால் தானே நக்கிக்கொள்ளும்.

போர் தண்ணீர் வேண்டாம். தோல் தொழிற்சாலைக் கழிவுகள் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைக் கெடுத்த கதை 1996லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது உங்களுக்குத் தெரிந்ததுதான். நீங்கள் குடிக்கும் நீரையே அதற்கும் கொடுங்கள்.

தாகம் தீர்ந்ததா என்பதை எச்சம் சொல்லிவிடும். வீட்டுப் பல்லியின் எச்சம் போலவே கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். அந்த வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருந்தால் நல்லது. ஆரஞ்சாகவோ அடர் மஞ்சளாகவோ மாறினால் உடம்பில் நீர் போதவில்லை. இந்தக் கண்காணிப்பு வேலையை மகனிடம் கொடுத்துவிடுங்கள். கேட்டு வாங்கியவன் அவன்தானே.

கண்ணாடித் தொட்டியில் காற்று ஓடாது, தன் பிம்பத்தைக் கண்டு குட்டியும் மிரளும். நான்கு பக்கமும் வலையடித்த, அகலத்தைவிட உயரம் அதிகமான கூண்டுக்கு மாற்றுங்கள். உள்ளே செம்பருத்தித் தொட்டி ஒன்று, படர்ந்து ஏறும் மணி பிளாண்ட் ஒன்று, விரல் பருமனில் சில குச்சிகள் போதும். இந்த இனம் இலையையும் கடித்துத் தின்னும் என்பதால் அரளி, எருக்கு, ஊமத்தை ஆகியவற்றை அருகிலேயே சேர்க்கக் கூடாது. உச்சி வெயிலில் கூண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் வெளிப்புறமாக ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். ஏர்கூலர் காற்று நேரே அதன்மேல் அடிக்க வேண்டாம்.

சூட்டுக்கு பல்பு வேண்டாம் என்றேனே தவிர, வெளிச்சம் வேண்டாம் என்று சொல்லவில்லை. புற ஊதாக் கதிர் படாவிட்டால் உணவிலுள்ள கால்சியம் எலும்பில் சேராது. தாடை மெத்தென்று ஆகும், கால்கள் வளையும், நீட்டிய நாக்கை உள்ளே இழுக்க முடியாமல் திணறும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். எனவே காலை ஏழு, எட்டு மணி வெயிலில் கூண்டை இருபது நிமிடம் வெளியே வையுங்கள். பாதிக் கூண்டு நிழலில் இருக்கட்டும், ஒருவர் பக்கத்திலேயே இருங்கள். காக்கையும் பூனையும் காத்திருக்காது. மழை நாட்களுக்குப் புற ஊதா டியூப் வாங்கிக்கொள்ளலாம். எரிந்துகொண்டிருந்தாலும் ஓராண்டுக்குள் அதன் கதிர் வீரியம் குறைந்துவிடும், மாற்ற வேண்டும்.

தீனிக்குக் கடைகளில் கிரிக்கெட் என்று விற்பது நம் சுவர்க்கோழிதான். குட்டியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். தினமும் பத்து, பன்னிரண்டு சிறு பூச்சிகளைக் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுங்கள். பூச்சிகளுக்கு முதல் நாள் முருங்கை இலையும் கேரட்டும் போட்டு வைத்தால் அந்தச் சத்தும் குட்டிக்குச் சேரும். தின்னாமல் விட்டவற்றை மாலையில் எடுத்துவிடுங்கள், தூங்கும் குட்டியைக் கடிக்கும். வயலில் பிடித்த வெட்டுக்கிளியில் பூச்சிமருந்து இருக்கலாம், வேண்டாம். மின்மினி கூடவே கூடாது, அதில் நஞ்சு உண்டு.

விருந்தாளிகள் வந்தால் சிவப்புத் துணியில் விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். மாறாது. நிறம் பெரும்பாலும் அதன் மனநிலையையும் சூட்டையும்தான் காட்டும். கையில் எடுத்து விளையாடும் பிராணி அல்ல அது.

ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். இந்த வெளிநாட்டு இனத்தை 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். உங்கள் குட்டியின் தலையில் கொண்டை மேலெழும்பாமல் தாழ்வாகவே இருந்தால் எனக்கு ஒரு சந்தேகம் வரும். நம் காடுகளில் பிடித்த உள்ளூர்ப் பச்சோந்தியாக இருக்கலாம். அதை வளர்ப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அப்படியானால் வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் முறை.

சூட்டைக் குறைத்து நீர் கொடுத்தும் நாளை மாலைக்குள் கண் திறக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். ஊர்வன பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா என்று போனில் கேட்டுக்கொண்டு, வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். அட்டைப்பெட்டியில் காற்றுத்துளை போட்டு, குறுக்கே ஒரு குச்சி செருகினால் குட்டி அதைப் பற்றிக்கொண்டு வரும். மகனையும் அழைத்துப் போங்கள். எச்சத்தின் நிறத்தை மருத்துவர் கேட்பார்.