மூன்று வருஷம் போதும் என்று முடிவு செய்தது யார்?

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு பி.காம். சி.ஏ. (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு விலை குறைவாக, சின்னதாக ஒரு லேப்டாப் வாங்க வேண்டும். சாதாரண உபயோகம்தான். ஆன்லைனில் 11 அங்குலத் திரை, 4 ஜிபி ராம் உள்ளது 20,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இன்ஜினியரிங் படிக்கும் மகனுக்குப் போன வருஷம்தான் 68,000 ரூபாய்க்குத் தவணையில் வாங்கிக் கொடுத்தோம், அதனால் கையைக் கடிக்கிறது. இவளுக்கு மூன்று வருஷம் தாங்கினால் போதும், அப்புறம் கல்யாணம் செய்து அனுப்பிவிடுவோம். இதையே வாங்கிவிடலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வாங்க வேண்டாம்.

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "மூன்று வருஷம் தாங்கினால் போதும்" என்று, அதைத்தான் முதலில் கேட்கிறேன். மகனுக்கு வாங்கும்போது இந்தக் கணக்கைப் போட்டீர்களா? படிப்பு முடிந்து வேலைக்குப் போனாலும் உதவட்டும் என்றுதானே கடனுக்குத் துணிந்தீர்கள்? மகளுக்கு மட்டும் ஏன் கல்யாணத் தேதியை வைத்து லேப்டாப் பார்க்கிறீர்கள்? இந்த மாதிரிக் கடிதம் எனக்கு நிறைய வருகிறது. எழுதும் அம்மாக்கள் யாருக்கும் மகள் மேல் பாசம் குறைவில்லை. பாசம் இருந்தும் இப்படிச் செய்கிறார்களே என்பதுதான் என் கோபம்.

அவளுக்கும் 68,000 செலவழியுங்கள் என்று நான் சொல்லவில்லை. பி.காம். படிப்புக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு எதற்கு? குறைந்த விலையில் வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் அவள் என்ன வேலை செய்யப்போகிறாள், எத்தனை வருஷம் செய்யப்போகிறாள் என்று பார்த்து வாங்க வேண்டும்.

நீங்கள் பார்த்திருக்கும் லேப்டாப் அந்த மூன்று வருஷத்தையே ஒழுங்காக ஓட்டாது. விண்டோஸ் 11 போடுவதற்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச ராமே 4 ஜிபி. அதற்கு மேல் கணக்கு எழுதும் டாலி மென்பொருள், எக்செல், பாட வீடியோ என்று ஒவ்வொன்றாகத் திறந்தால் திணறும். இந்த விலையில் வரும் பல மாடல்களில் ராமும் ஸ்டோரேஜும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தே வரும், பிறகு கூட்ட வழியில்லை. ஸ்டோரேஜ் 64 ஜிபிதான் என்றால் ஒரு பெரிய அப்டேட் வந்தாலே இடம் போதாது. திரையையும் யோசியுங்கள். அகலமான ஒரு எக்செல் ஷீட்டை 11 அங்குலத்தில் திறந்தால் பற்றுப் பக்கம் தெரியும்போது வரவுப் பக்கம் தெரியாது. எண் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கினால் தலைப்பு மறைந்துவிடும். கணக்குப் படிக்கிற பிள்ளை நாள் முழுக்க இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். விலையைப் பார்த்துக் குரோம்புக் பக்கமும் போய்விடாதீர்கள், அது விண்டோஸ் இல்லாமல் கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடுவது, அதில் டாலியை நேரடியாக நிறுவ முடியாது.

சின்னதாக வேண்டும் என்றால் 14 அங்குலம் போதும். ஒன்றரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும், பஸ்ஸில் தூக்கிப் போகலாம். 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, கோர் ஐ3 அல்லது ரைசன் 3 என்று கேளுங்கள். ராம் கூட்ட ஸ்லாட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இந்த அளவில் பெரும்பாலும் தனி நம்பர் பேட் இருக்காது. சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி நம்பர் பேட் வாங்கிக் கொடுத்தால் கணக்கு ஏற்றும் வேகமே வேறு.

அவ்வளவு பணம் இப்போது புரளாது என்றால் நம்பகமான கடையில் ரீஃபர்பிஷ்டு, அதாவது பழையதைச் சரிபார்த்து மறுபடி விற்கும் லேப்டாப், பாருங்கள். கம்பெனிகளில் ஓடிய லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட் வகைகள் உறுதியானவை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம், விண்டோஸ் 11-க்கு அதுதான் வரம்பு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது. கடையிலேயே சார்ஜரைக் கழற்றி அரைமணி நேரம் ஓடவிட்டு, பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மகள் படிப்பது அரசுக் கல்லூரி என்றால், அதற்கும் முன்னால் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்திருந்தது. 2011-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோதும் பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கு அதில் மட்டமாக ஒன்று என்று அரசாங்கம் பிரிக்கவில்லை. பெற்ற நாம் பிரிக்கலாமா?

சரி, மூன்று வருஷம் முடிகிறது. பி.காமில் 55 சதவீதம் எடுத்தால் ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. (சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்) படிப்பில் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமலே இன்டர்மீடியட்டில் சேரலாம், அப்புறம் இரண்டு வருஷம் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி. அதுவரை படிக்க அவளுக்கு ஆசை இருக்கிறதா என்று கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் மகள் பேசிய பேச்சு ஒன்றுகூட இல்லை. கல்யாணமே செய்துவைத்தாலும் அந்த வீட்டில் உட்கார்ந்து நாலு கடைக்குக் கணக்குப் பார்க்க அவளுக்கு அந்த லேப்டாப் வேண்டாமா? பெண்ணுக்கு நகை போடுவதைவிட அவள் சொந்தமாகச் சம்பாதிக்க வழி செய்வதுதான் பெற்றவர்களின் முதல் கடமை என்று நினைக்கிறவள் நான்.

அண்ணனுக்கும் இதில் பொறுப்பு உண்டு. வேலை கிடைத்ததும் தன் லேப்டாப் தவணையில் பாக்கி இருந்தால் அவனே கட்ட வேண்டும் என்று இப்போதே சொல்லிவையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை தங்கையோடு கடைக்கு அவனையும் அனுப்புங்கள். அவன் பார்த்துச் சொல்லட்டும், அவள் தேர்ந்தெடுக்கட்டும். பில்லை அவள் பெயரிலேயே போடச் சொல்லுங்கள். நாளைக்கு வாரன்ட்டிக்கு சர்வீஸ் சென்டர் போக வேண்டி வந்தாலும் அவளே போய்ப் பேசிக்கொள்வாள்.