2026 உலகக் கோப்பை ஹாக்கியில் இந்திய ஆண்கள் அணி பதக்கம் வெல்லும் என்று நம்புகிறீர்களா?

நம்புகிறேன். தங்கமா என்று கேட்டால் இழுப்பேன். அரையிறுதிக்கு வந்துவிடுவார்கள் என்று பந்தயம் கட்டத் தயார். ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டிக்காரன் நான், எனவே கொஞ்சம் பாசம் கலந்த கணிப்புதான்.

வயிற்றைக் கலக்கும் கணக்கும் இருக்கிறது. 1975-ல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று கோப்பை வாங்கியதோடு சரி, அதன்பின் எந்த உலகக் கோப்பையிலும் நாம் அரையிறுதியைப் பார்த்ததில்லை. 2023-ல் புவனேஸ்வரில், நம் ரசிகர்கள் முன்னால், நியூசிலாந்தை 3-1 என்று அடக்கி வைத்திருந்தோம். 3-3 ஆகி, சமநிலையை முறிக்க நடக்கும் ஷூட்அவுட்டில் தோற்று வெளியே வந்தோம். காலிறுதிகூட இல்லை.

நம் அணிக்கு இருந்த பழைய வியாதியே இதுதான்: கடைசி கால்மணி நேரத்தில் கை நடுங்கும். அது இப்போது தெளிந்து வருகிறது என்பதே என் நம்பிக்கைக்குக் காரணம்.

பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியை நினைத்துப் பாருங்கள். பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. அவர் சாதாரண ஆள் இல்லை. எதிரணிக்குப் பெனால்டி கார்னர் (கோலுக்கு அருகில் செய்யும் தவறுக்குத் தரப்படும் கோல் வாய்ப்பு) கிடைத்தால், முகக்கவசமும் முழங்கால் காப்பும் மாட்டிக்கொண்டு கோல் கோட்டிலிருந்து நேராகப் பந்தை நோக்கிப் பாய்கிற முதல் ஆள் அவர்தான். அவர் இல்லாமல், பத்தே பேர் நாற்பது நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடித்து 1-1 என்று முடித்து, ஷூட்அவுட்டில் 4-2 என்று வென்றார்கள். அந்தச் சிவப்பு அட்டையால் வந்த தடையில் அரையிறுதியில் அவர் இல்லை; ஜெர்மனியின் பெய்லாட் பெனால்டி கார்னரில் ஒன்று போட்டார், 2-3 என்று தோற்றோம். அன்று ரோஹிதாஸ் இருந்திருந்தால் என்று இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறேன்.

2025 டிசம்பரில் சென்னையில் ஜூனியர் உலகக் கோப்பை வெண்கலப் போட்டி. எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்தோம். எனக்கு முன்வரிசையில் ஒரு குடும்பம் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. கடைசிப் பதினோரு நிமிடத்தில் நான்கு கோல், 4-2! அந்தப் பையன்களுக்குப் பயிற்சியாளர், பாரிஸில் நம் கோலைக் காத்த ஸ்ரீஜேஷ். அந்த மனதிடம் எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2025 ஜூனில், முன்னணி நாடுகள் மோதும் புரோ லீக்கில், ஐரோப்பாவில் வரிசையாக ஏழு தோல்வி வாங்கியதை நண்பர்கள் என் முன்னால் எடுத்துப் போடுவார்கள். ஏழில் ஆறு, ஒரே கோல் வித்தியாசம். கடைசிப் போட்டியில் பெல்ஜியத்தை 4-3 என்று வென்றதை மட்டும் மறந்துவிடுவார்கள். செப்டம்பரில் ராஜ்கிரில் தென் கொரியாவை 4-1 என்று தூக்கி ஆசியக் கோப்பையை வாங்கினோம். உலகக் கோப்பைக்கு டிக்கெட்டும் அதில்தான் கிடைத்தது.

கவலை ஒன்றே ஒன்று, கோல்கீப்பர். ஸ்ரீஜேஷ் விட்டுப்போன இடத்தை அப்படியே நிரப்ப இன்னும் ஆள் வரவில்லை. ஆகஸ்டில் போட்டியை நடத்துவதே நெதர்லாந்தும் பெல்ஜியமும். அவர்கள் கூட்டத்துக்கு முன்னால் ஷூட்அவுட் வரை போனால் எனக்கு மூச்சு வாங்கும். அறுபது நிமிடத்துக்குள் முடித்தால் பதக்கம் நமக்குத்தான். வெண்கலம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், செப்டம்பரில் வந்து என்னைப் பிடியுங்கள்.