எஸ்ஜிபிடி, ஏஎல்டி ரெண்டும் வேற வேற டெஸ்ட்டா?

ஒரு வாசகர் கேட்டிருக்காங்க: அப்பாவோட பழைய ரிப்போர்ட்ல எஸ்ஜிபிடி 62னு இருந்துச்சு, இப்ப வேற லேப்ல எடுத்ததுல அந்தப் பேரே இல்ல, ஏஎல்டி 48னு போட்டிருக்கு, டெஸ்ட்டையே மாத்தி எடுத்துட்டாங்களா, திரும்ப எடுக்கணுமா?

பேருக்காக திரும்ப எடுக்க வேண்டாம்ங்க. ரெண்டும் லிவர் டெஸ்ட்ல பார்க்கற ஒரே என்சைம்தான், அதாவது உடம்புல ரசாயன மாற்றத்தை வேகமா நடத்தி வைக்கற ஒரு புரதம்.

இது என்ன பண்ணுதுன்னா, அலனின்ங்கற அமினோ ஆசிட்ல இருந்து அமினோ குரூப்பைக் கழட்டி ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்ல மாட்டுது, உடனே அலனின் பைருவேட்டாவும் மத்தது குளூட்டமேட்டாவும் மாறிடும், தேவைப்பட்டா அப்படியே ரிவர்ஸ்லயும் நடக்கும். பழைய பேரு அந்தக் கடைசி ரெண்டையும் வச்சு வந்தது: குளூட்டாமிக் பைருவிக் ட்ரான்ஸமினேஸ், முன்னாடி இருக்கற எஸ் வெறும் சீரம், அதாவது ரத்தத்துல அளந்தோம்னு சொல்றதுக்கு. புதுப் பேரு குடுக்கற பக்கத்துல இருந்து வருது, அலனின் அமினோட்ரான்ஸ்ஃபரேஸ். அதே ரிப்போர்ட்ல வர்ற இன்னொரு என்சைம் எஸ்ஜிஓடி, ஏஎஸ்டி ஆனதும் இதே கதைதான், அங்க அலனினுக்கு பதிலா அஸ்பார்ட்டேட்.

அந்த 'ஏஸ்' வாலு எங்கேருந்து வந்துச்சுன்னா, 1833ல பிரான்ஸ்ல பாயன், பெர்சோன்னு ரெண்டு பேர் மால்ட்ல (முளைகட்டின தானியம்) இருந்து ஸ்டார்ச்சைக் கரைக்கற ஒரு பொருளை எடுத்து டயஸ்டேஸ்னு பேர் வச்சாங்க, கிரேக்கத்துல பிரிக்கறதுன்னு அர்த்தம். பிற்பாடு டுக்ளோங்கற பிரெஞ்சு விஞ்ஞானி அதோட வாலை எல்லா என்சைமுக்கும் வைக்கலாம்னு சொல்ல, எதையும் பிரிக்காம இடம் மாத்தி மட்டும் வைக்கற நம்ம ஆளுக்கும் அதுவே ஒட்டிக்கிச்சு! பெப்சின், ட்ரிப்சின் எல்லாம் பழைய பேருங்க, அதான் தப்பிச்சுது.

ஆளாளுக்குப் பேர் வச்சு குழப்பமானதால 1961ல என்சைம் கமிஷன்ங்கற சர்வதேசக் குழு ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு ஒழுங்கு பண்ணுச்சு, இதுக்கு 2.6.1.2. எனக்கென்னவோ நம்ம லேப்காரங்க ரெண்டு பேரையும் சேர்த்தே பிரிண்ட் பண்ணிட்டா பாதி போன் கால் குறையும்னு தோணுது.

62, 48னு நேரா கழிச்சுப் பார்த்து குறைஞ்சிடுச்சுன்னு முடிவு பண்ணாதீங்க, லேபுக்கு லேப் மெத்தட் மாறும், பக்கத்துல போட்டிருக்கற நார்மல் ரேஞ்சோட ஒப்பிட்டு ரெண்டு ரிப்போர்ட்டையும் டாக்டர்கிட்ட காட்டுங்க. அப்புறம் அதே பக்கத்துல ஏஎல்பின்னு ஒண்ணு இருக்கும், அது அல்கலைன் பாஸ்பட்டேஸ், நிஜமாவே வேற என்சைம், அதை இதோட சேர்த்துப் பார்த்துடாதீங்க.