கேள்வி - பதில்: டோபமினும் முதுமையும்

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. பெயர்கள் சட்டென்று ஞாபகம் வருவதில்லை. தினம் வாழைப்பழம் கொடுத்தால் டோபமின் கூடுமா?

டோபமின் என்பது மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள். வாழைப்பழத்தில் அது இருப்பது உண்மைதான். ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. மூளை தனக்கு வேண்டியதை டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே தயாரித்துக்கொள்கிறது. பருப்பு, பால், முட்டை சாப்பிடுகிறவருக்கு அதற்குப் பஞ்சமில்லை. வயதாக ஆகக் குறைபவற்றில் முக்கியமானவை டோபமினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள். அவற்றில் ஒரு வகையான டி2 ஏற்பிகள் இளம் வயதிலிருந்தே பத்தாண்டுக்குச் சுமார் 5 முதல் 10 சதவீதம் குறைகின்றன. யோசிக்கும் வேகம் மட்டுப்பட இதுவும் ஒரு காரணம். பெயர் தாமதித்தாவது நினைவுக்கு வந்தால் கவலை வேண்டாம். பழகிய தெருவில் வழி தவறினால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். வைட்டமின் பி12, தைராய்டு, காது கேட்கும் திறன் மூன்றையும் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. தலைசுற்றலுக்கு ஆறு மாதமாகச் சின்னரிசின் சாப்பிடுகிறார். இப்போது கை நடுங்குகிறது, நடை சுருங்கிவிட்டது. பார்க்கின்சன் நோயா?

பார்க்கின்சன் என்பது மூளையில் டோபமின் குறைந்து நடுக்கமும் விறைப்பும் வரும் நோய். ஆனால் முதலில் அந்த மாத்திரையைத்தான் சந்தேகிக்க வேண்டும். சின்னரிசின், ஃப்ளூனரிசின், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு ஆகியவை டி2 ஏற்பிகளை அடைக்கும். ஏற்பிகள் ஏற்கெனவே குறைந்துபோன முதிய மூளையில் இந்த அடைப்பு சீக்கிரம் வெளியே தெரியும்: நடுக்கம், விறைப்பு, முகத்தில் உணர்ச்சி இல்லாமை, மனச்சோர்வு. தலைசுற்றல் மாத்திரை சில நாளுக்கு, அதிகம் போனால் சில வாரத்துக்கு. பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து. சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நிறுத்திய மறுநாளே சரியாகாது. பலருக்குச் சில மாதங்கள் ஆகும். அதற்குப் பிறகும் நடுக்கம் போகவில்லை என்றால் உள்ளே பார்க்கின்சன் மறைந்திருக்கலாம். நடுக்கத்துக்கென்று இன்னொரு மாத்திரையைச் சேர்த்துக்கொண்டு, காரணமான மாத்திரையைத் தொடரவே கூடாது.

கேள்வி: லெவோடோபா மாத்திரை காலையில் கேட்கிறது, மதியம் கேட்பதில்லை. ஏன்?

லெவோடோபா, மூளைக்குள் போய் டோபமினாக மாறும் பார்க்கின்சன் மருந்து. அது மதியம் கேட்காததற்கு மதியச் சாப்பாட்டில் உள்ள புரதம்தான் பெரும்பாலும் காரணம். பருப்பு, மீன், தயிரிலிருந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளை வாசலிலும் ஒரே வழியில்தான் உள்ளே போக வேண்டும். கூட்டத்தில் மருந்து பின்தங்கிவிடும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் கழித்தோ போடுங்கள். குமட்டினால் ஒரு பிஸ்கட் போதும். இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். பூனைக்காலி விதைப் பொடியிலும் லெவோடோபா இருக்கிறது. மருத்துவருக்குத் தெரியாமல் அதைச் சேர்த்தால் அளவு எகிறிவிடும். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.