மனுகா தேனுக்கு அந்த விலை தகுமா?

சாதாரணத் தேனைவிடப் பன்மடங்கு விலையில் விற்கப்படும் நியூசிலாந்தின் மனுகா தேன் அந்த விலைக்குத் தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அன்றாடம் உண்பதற்கு எனில், தகாது என்பதே என் பதில். மனுகா என்னும் புதர்ச்செடியின் பூந்தேனில் உள்ள டைஹைட்ராக்சிஅசிட்டோன் என்னும் வேதிப்பொருள், தேன் முதிர முதிர, பாக்டீரியாக்களை எதிர்க்கும் மெத்தில்கிளையாக்சலாக (சுருக்கமாக எம்ஜிஓ) மாறுகிறது. மற்றத் தேன்களில் பாக்டீரியாக்களை எதிர்க்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைத்துவிட்டாலும் மனுகாவின் பாக்டீரியா எதிர்ப்பு ஆற்றல் நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் அந்த ஆற்றல் பயன்படுவது பெரிதும் புண்ணின் மேல் இடும்போதுதான். அதற்கும் கதிர்வீச்சால் நுண்ணுயிர் நீக்கிய மருத்துவத் தரத் தேனே வேண்டும், சமையலறைப் புட்டி போதாது. தேநீரில் கலந்து பருகுவோருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சர்க்கரையும் சுவையுமே. சற்றே கசந்த அந்தச் சுவைக்காக வாங்குவதில் தவறில்லை. வீரியம் வேண்டுமென்றால் எம்ஜிஓ அளவு அச்சிட்ட புட்டியையே தேர்ந்தெடுங்கள். ஏனெனில் நியூசிலாந்து அரசு 2018 முதல் ஏற்றுமதிக்கு விதித்துள்ள 4 வேதிக்குறிகள், 1 டிஎன்ஏ குறி ஆகியவற்றின் சோதனை, அது மனுகாதானா என்பதை உறுதிசெய்கிறதே தவிர, அதன் வீரியத்தை அளப்பதில்லை.